அக்காவின் அளவுக்கு ஒரு கட்டில்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். நன்றாக இல்லை என்று எழுதினால் தூங்கமாட்டாய். ஆகையால் சுமாராக இருக்கிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? தையல் மிஷினை மிதிக்கும்போது வலித்தால் எழுந்துவிடு. எழுந்தால்தான் அதிகம் வலிக்கிறது என்பாய். தெரியும்.

போன் செய்யவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. அந்தப் பக்கம் உனக்கு வீட்டை வாடகைக்கு விட்டவர் குடும்பம் முழுவதும் கேட்கும், இந்தப் பக்கம் என் மாமனார் வீடு முழுவதும் கேட்கும். நீ "சாப்பிட்டியா?" என்றால் நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை, "சாப்பிட்டேன்னு சொல்லுங்க மாப்ளே" என்பார். அதனால் அச்சகத்தில் மதிய இடைவேளையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வீடு நான்காவது மாடியில் இருக்கிறது. ஒரு கூடம், ஒரு அறை. கூடத்திலிருந்து அடுக்களைக்கும் குளியலறைக்கும் போக ஒரு நடை. அந்த நடையில் எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் சொந்தக்காரர்களாக இருப்பது நல்லது. மாமா கப்பலில் தச்சராக இருந்தவர். கரைக்கு வந்த பிறகும் கப்பலை விடவில்லை. வீட்டில் எல்லாமே மடங்கும். நாற்காலி மடங்கும், துணி அலமாரி மடங்கும், கண்ணாடிகூட மடங்கும். சாப்பாட்டு மேசை என்பது நடையின் வாயில் சுவரோடு கீல் போட்ட ஒரு பலகை. அதை இறக்கினால் குளியலறைக்கு வழி கிடையாது. சாப்பிடுவதற்கு முன்னால் அத்தை, "பலகை இறங்குது, போறவங்க போயிட்டு வந்துடுங்க" என்று குரல் கொடுப்பார். முதல் நாள் நான் அதைப் பிரார்த்தனை என்று நினைத்துக் கைகூப்பினேன்.

பக்கவாதத்தில் மாமாவுக்கு வலக்கையும் வலக்காலும் போனதும், பேச்சு குழறியதும் உனக்குத் தெரிந்ததுதான். அவர் நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர். அறையில் அவருக்காக வாங்கிய பெரிய இரும்புக் கட்டில் கிடக்கிறது. வீட்டில் மடங்காத பொருள் அது ஒன்றுதான். அறையில் மாமாவும் அத்தையும். கூடத்தில், சோபாவுக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவில், நானும் உன் தம்பி பெண்டாட்டியும்.

அவருக்கு ஒத்தாசையாகக் கொஞ்ச நாள் இருக்க வந்தோம். வீட்டோட மாப்பிள்ளை என்று அங்கே யாராவது சொன்னால் திருத்திவிடு. கூடத்தோட மாப்பிள்ளை.

வெந்நீர் ஒத்தடம் கொடு. பதில் எழுது.

உன் தம்பி

*

பிப்ரவரி 21

அன்புள்ள தம்பிக்கு,

முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. நீ சுமாராக இருப்பது குறித்து மகிழ்ச்சி. உன் பெண்டாட்டி, மாமனார், மாமியார் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல். அந்த வீட்டில் தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன்.

கூடத்தில் படுப்பதில் ஒன்றும் கேவலமில்லை. சின்ன வயதில் நீயும் நானும் ஒரே பாயில் கிடந்தோம். நீ உதைப்பாய். அவள் பொறுத்துக்கொள்கிறாளா?

இங்கே பள்ளிச் சீருடைக்குப் பொத்தான் காஜா எடுக்கும் வேலை குவிந்து கிடக்கிறது. கடைக்காரர் மூட்டை மூட்டையாக அனுப்புகிறார். ஊசியில் நூல் கோக்க அடுத்த வீட்டுப் பெண்ணைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அவள் கோத்துக் கொடுத்துவிட்டு, "கண்ணாடி போடுங்க பெரியம்மா" என்கிறாள். கண்ணாடி போட்டால் இந்த வீடு எவ்வளவு அழுக்கு என்று தெரிந்துவிடுமே என்றேன்.

வீடு என்றதும் ஞாபகம் வந்தது. வீட்டுக்காரரின் மகன் வந்தான். நல்ல பையன், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தான். சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தான். பழைய கட்டடமாம். இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்பப் போகிறார்களாம். மழைக்கு முன்னால் என்றான். எந்த மழை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் தேதி சொல்லிவிடுவான்.

இது சும்மா செய்திக்காக எழுதியது. நீ மண்டையை உடைத்துக்கொள்ளாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

*

மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். மாமா நேற்றுக் கொஞ்சம் கஞ்சி குடித்தார்.

நீ சும்மா செய்திக்காக எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இந்த வயதில், இந்த முழங்காலோடு, நீ எங்கே போய் வீடு தேடுவாய்? தனியாக இருக்கும் பெண்ணுக்கு யார் வீடு கொடுப்பார்கள்? சாப்பிடும்போது பேச்சை எடுத்தேன். பலகை இறங்கியிருந்தால் யாரும் எழுந்து போக முடியாது என்பது ஒரு வசதி.

"அக்கா இருக்கற வீட்டை இடிக்கப் போறாங்களாம்."

"ஐயையோ" என்றார் அத்தை. "எங்க போவாங்க?"

உன் தம்பி பெண்டாட்டி சொன்னாள்: "எங்க போவாங்கன்னா? இங்க வரட்டும்மா. அண்ணிக்கு வேற யாரு இருக்கா?"

"நான் வேணாம்னா சொன்னேன்? தாராளமா வரட்டும். எங்க படுப்பாங்கன்னுதான் யோசிக்கறேன். உன் தலை மேலயா, என் தலை மேலயா?"

பிறகு எல்லோரும் அறைக் கதவைப் பார்த்தோம். யாரும் யாரிடமும் சொல்லிவைத்துப் பார்க்கவில்லை. தானாக நேர்ந்தது.

"அவரு எழுந்து நடமாட ஆரம்பிச்சுட்டா அந்தக் கட்டிலை எடுத்துடலாம்" என்றார் அத்தை. "அப்புறம் என்ன, அறையில எல்லாருமே படுக்கலாம்."

இனி அவர் நடக்கமாட்டார் என்று மருத்துவர் சொன்னபோது நாங்கள் மூன்று பேரும் அங்கேதான் இருந்தோம். ஆகவே 'நடமாட ஆரம்பிப்பது' என்று இந்த வீட்டில் எதைச் சொல்கிறார்கள் என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை. மரியாதையான குடும்பம். எதையும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள்.

மற்றபடி பழகிக்கொண்டு வருகிறேன். யாராவது துணி மாற்றும்போது "சுவரு!" என்று குரல் வரும். உடனே எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ள வேண்டும். எந்தச் சுவரில் எங்கே விரிசல் என்று எனக்கு மனப்பாடம். புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் மாடிப்படிக்குப் போக வேண்டும். நேற்று நாங்கள் இறங்கியபோது மூன்றாவது மாடிக்காரர் கதவைத் திறந்து, "என்ன சார், அன்னைக்குப் பாதியில விட்டுட்டுப் போயிட்டீங்களே" என்றார்.

நீ வா அக்கா. எப்படியாவது இடம் பண்ணுகிறேன். வருகிறேன் என்று ஒரு வரி எழுது.

உன் தம்பி

*

ஏப்ரல் 4

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருக்கிறேன். உடனே பதில் எழுதினால் பெட்டியோடு வாசலில் நின்றதுபோல் உன் மாமியார் பயந்துவிடுவார். அதனால் கொஞ்சம் தாமதித்தேன்.

வருகிறேன்.

ஆனால் ஒன்று. யாரோ ஒருவர் நடமாடுவதற்காகக் காத்திருந்துவிட்டு அந்த இடத்தில் நான் வந்து படுக்கமாட்டேன். அப்படிப்பட்ட இடம் வேண்டாம். கூடத்தில், நடையில், அடுக்களையில், எங்கேயாவது ஒரு மூலை போதும். எனக்குக் குறட்டை கிடையாது. விடியற்காலையில் எழுந்து பாயைச் சுருட்டிவிட்டால் நான் இருப்பதே தெரியாது. வாடகையில்லாமல் இருப்பவள் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

ஒரே ஒரு கேள்வி. மிஷினைக் கொண்டுவரலாமா? அது மடங்காது.

உன் மாமனாருக்கு முதுகில் புண் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். புரட்டிப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும்.

உன் அக்கா

*

ஏப்ரல் 29

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கு ஒரு நல்ல செய்தி. உடம்பு நலத்தை எல்லாம் கடைசியில் எழுதுகிறேன்.

நாங்கள் பலகையில் பேசுவது எல்லாம் மாமா காதில் விழுந்திருக்கிறது. விழாமல் எப்படி இருக்கும்? நடுவில் ஒரு கதவுதானே, அதுவும் மடக்குக் கதவு. ஒரு நாள் சாயங்காலம் இடது கையால் என்னைக் கூப்பிட்டார். அவர் பேச்சு அத்தைக்கு மட்டும்தான் புரியும் என்பது இந்த வீட்டின் ஏற்பாடு. அவர் ஒரு வார்த்தை சொன்னால் அத்தை நாலு வாக்கியமாகப் பெயர்த்துச் சொல்வார். பெரும்பாலும் அந்த நாலு வாக்கியமும் அத்தைக்கு வசதியாக இருக்கும். அன்று அத்தை கடைக்குப் போயிருந்தார். காதை அவர் வாயருகே கொண்டுபோனேன்.

"உங்கக்கா... எவ்ளோ... ஒசரம்?"

விஷயம் இதுதான். நடையில் தலைக்கு மேலே காலியாகக் கிடக்கும் இடத்தில் ஒரு கட்டில் தொங்கவிடலாமாம். கப்பலில் ஆட்கள் படுப்பார்களே, அந்த மாதிரி. சுவரில் கீல், மேலே இரண்டு சங்கிலி. பகலில் சுவரோடு மடக்கிவிடலாம். முழங்கால் வலி என்று சொன்னேன். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, அகலமான படிகளோடு ஓர் ஏணி என்றார். ஓரத்தில் உருண்டு விழாமல் தடுப்புக் கட்டை. அவர் சொல்லச் சொல்ல நான் ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டை மாடியில் உட்கார்ந்து பலகை அறுக்கிறேன். அச்சகத்தில் மருந்துச் சீட்டின் பொடி எழுத்துக்களைப் படித்துப் பிழை திருத்துகிற கை. இரண்டு விரலில் கட்டு. அறுத்ததைக் கொண்டுவந்து காட்டினால் இடது கையால் தடவிப் பார்த்துவிட்டு, "மோசம்" என்கிறார். அந்தச் சொல் அவருக்குக் குழறுவதே இல்லை.

இப்போது அவர் பேசுவது எனக்கு நன்றாகவே புரிகிறது. இது அத்தைக்குத் தெரியாது. உன் தம்பி பெண்டாட்டிக்குத் தெரியும்.

உன் உயரத்தைச் சரியாக அளந்து எழுது. நினைவிலிருந்து எழுதாதே. நீ எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாய். நீளம் துளி கூடினாலும் அடுக்களைக் கதவில் இடிக்குமாம், அதனால் உன் அளவுக்கு மேல் இடமில்லை. மிஷினைப் பற்றி வந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

எல்லோரும் சௌக்கியம்.

உன் தம்பி

*

மே 16

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே சுகம். வெயில்தான் தாங்கவில்லை.

நிலைப்படியில் முதுகை ஒட்டி நின்றேன். அடுத்த வீட்டுப் பெண் டேப்பைப் பிடித்தாள். ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. இதற்கு முன்னால் அளந்தபோது இன்னும் கொஞ்சம் இருந்தேன். வயதாக ஆகக் குறைகிறேன் போலிருக்கிறது. இன்னும் இரண்டு மாதம் தள்ளிப்போட்டால் உனக்குப் பலகை மிச்சம்.

இத்தனை வருடமாக ஊரில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் நான்தான் அளவெடுத்தேன். எனக்கென்று ஒருவர் அளவு கேட்டது இதுதான் முதல் தடவை. உன் மாமனாரிடம் சொல். நன்றி என்று சொன்னால் போதாது, வேறு எப்படியாவது சொல். உனக்குச் சொல்லத் தெரியும்.

மிஷினை அடுத்த வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். வந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று நீ எழுதினால் இல்லை என்று அர்த்தம். உன்னை எனக்குத் தெரியாதா? வருத்தமில்லை. கைத்தையல் இருக்கவே இருக்கிறது. வீட்டுக்காரரிடமும் ஜூன் கடைசியில் காலி செய்வதாகச் சொல்லிவிட்டேன். அந்தப் பையன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். என்னைப் பார்த்து யாரும் இவ்வளவு சந்தோஷப்பட்டு வெகுகாலம் ஆகிறது.

விரல் கட்டை நனைக்காதே.

உன் அக்கா

*

ஜூன் 7

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். உன் தம்பி பெண்டாட்டிக்கு மட்டும் காலையில் வாந்தி. கவலைப்படுகிற வாந்தி இல்லை. புரிந்துகொள்.

கட்டில் முடிந்துவிட்டது. நேற்றுத்தான் சங்கிலி மாட்டினோம். இறக்கினால் தோள் உயரத்தில் நிற்கிறது. அடியில் குனிந்து போகலாம். மாமாவை இரும்புக் கட்டிலில் உட்கார வைத்துக் கதவைத் திறந்து காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். மோசம் என்று சொல்லவில்லை. அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. அத்தை துடைத்துவிட்டு, "தூசி" என்றார்.

இன்னும் தடுப்புக் கட்டை ஒன்றுதான் பாக்கி. நீ வருவதற்குள் அடித்துவிடுவேன். எந்த ரயிலில் வர வேண்டும் என்று அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். பெட்டியைக் கட்டி வை.

உன் தம்பி

*

ஜூலை 19

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலமா? அவளுக்கு வாந்தி நின்றதா?

பெட்டியைக் கட்டி வைத்துக் காத்திருந்தேன். உன் கடிதம் வரவில்லை. தபால் தவறியிருக்கும். ஜூன் கடைசியில் வீட்டுக்காரர் மகன் ஆட்களோடு வந்துவிட்டான். நான் உள்ளே இருக்கும்போதே ஓடு பிரித்தார்கள். பையன் மிகவும் வருத்தப்பட்டு, தலையில் விழப்போகிறது என்று எனக்குக் குடை கொடுத்தான்.

இப்போது சீருடைக் கடையின் பின்னால், துணி மூட்டைகள் அடுக்கும் இடத்தில் இருக்கிறேன். கடைக்காரர் நல்லவர். சாயங்காலம் கடையைப் பூட்டும்போது என்னை உள்ளே வைத்து வெளியே பூட்டிக்கொண்டு போகிறார். காலையில் திறந்துவிடுகிறார். மூட்டைகளுக்குக் காவலாயிற்று என்கிறார். படுக்கைக்குக் குறைவில்லை. பள்ளிக்கூடம் முழுவதும் என் கீழேதான்.

புதிய முகவரி மேலே எழுதியிருக்கிறேன். எந்த ரயில் என்று மட்டும் எழுது.

உன் அக்கா

*

ஆகஸ்ட் 5

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சௌக்கியம். உன் கடிதம் கிடைத்தது. தபால் தவறவில்லை. நான்தான் எழுதவில்லை. அச்சகத்தில் வேலை அதிகம். ஒரு புதிய மாத்திரைக்குத் துண்டுச் சீட்டு அச்சடிக்கிறோம். அதைச் சாப்பிட்டால் வரக்கூடிய கேடுகள் மட்டும் இரண்டு பக்கம். என்ன நோய்க்கு என்பது ஒரு வரி. அந்த ஒரு வரியில்தான் பிழை விட்டிருக்கிறார்கள்.

கட்டில் நன்றாக அமைந்துவிட்டது. உபயோகத்தில் இருக்கிறது.

உன் தம்பி பெண்டாட்டிக்கு உடம்பு கொஞ்சம் மோசமாகிவிட்டது. தரையில் படுக்கக் கூடாது, ஏணி ஏறக் கூடாது, கட்டிலில்தான் படுக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் அத்தை அறையிலிருந்து வெளியே வந்து சொன்னார்:

"அவரே சொல்றாரு மாப்ளே. மாசமா இருக்கற பொண்ணு அறையில படுக்கட்டும், நான் நடையில படுத்துக்கறேங்கறாரு. பெத்த மனசு பாருங்க."

நாங்கள் உள்ளே போனோம். மாமா எங்களைப் பார்த்து ஏதோ சொன்னார்.

"பாத்தீங்களா? கப்பல்ல இருந்த மாதிரி இருக்குமாம், காத்து வருமாம்" என்றார் அத்தை.

மூன்றாவது மாடிக்காரரையும் கூப்பிட்டுக்கொண்டு, நானும் அவருமாக மாமாவைத் தூக்கி ஏற்றினோம். இரும்புக் கட்டிலை விற்றுவிட்டு அகலமாக ஒரு மரக் கட்டில் வாங்கிப் போட்டாயிற்று. அறையில் நானும் அவளும். கூடத்தில் அத்தை. நடையில் மாமா. அவருக்குத் தலைகுனியாமல் யாரும் அடுக்களைக்கோ குளியலறைக்கோ போக முடியாது. வீட்டில் அவருக்கு மரியாதை கூடியிருக்கிறது.

நீ இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே பொறுத்துக்கொள். பிறகு பார்க்கலாம்.

மூட்டைகளில் எலி இருக்கும். ஜாக்கிரதை.

உன் தம்பி

*

ஆகஸ்ட் 17

தம்பிக்கு,

நலம். அவளை நன்றாகச் சாப்பிடச் சொல்.

நான் எப்போது வருவது என்று இனிமேல் கேட்கவில்லை. வேறு கேள்விகள்தான். உன் மாமனார் நெடுநெடுவென்று இருப்பார் என்று எழுதியிருந்தாய். அந்தக் கட்டில் என் அளவு. அவர் எப்படிப் படுக்கிறார்? தடுப்புக் கட்டை அடித்துவிட்டாயா?

அவர் என்ன சொன்னார் என்று நீ எழுதவில்லை. மாமியார் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறாய். அவர் பேச்சுத்தான் உனக்குப் புரியுமே?

உன் அக்கா

*

அக்டோபர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் நலம்.

மாமா போன மாதம் போய்விட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பலகை இறங்கியிருந்தது. பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் குரல் கொடுத்தார். அத்தை, "இதோ வரேன், கை கழுவிட்டு" என்றார். இரண்டாவது தடவை கொடுத்தார். பலகையைத் தூக்க வேண்டுமென்றால் தட்டுகளை எடுக்க வேண்டும், குழம்பை எடுக்க வேண்டும். யார் முதலில் எடுப்பது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு சத்தம் கேட்டது.

அவர் மல்லாந்து படுத்ததே இல்லை. இடம் போதாமல் முழங்காலை மடக்கி, ஒருக்களித்து, விளிம்பில்தான் கிடப்பார். அத்தை போகும்போது வரும்போது உள்ளே தள்ளிவிடுவார். தடுப்புக் கட்டை அறுத்தபடி மொட்டை மாடியில் இருந்தது. வாரா வாரம் அடிக்க நினைத்தேன். அடித்தால் அவர் நிரந்தரமாக அங்கேதான் என்று ஆகிவிடுமே என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். நல்ல காரணமாகத்தான் இருந்தது.

மாமா அன்று என்ன சொன்னார் என்று நீ கேட்டதற்குப் பதில். "கால் நீட்ட முடியாது" என்றார். தெளிவாகவே சொன்னார். உன் தம்பி பெண்டாட்டி என் முகத்தைப் பார்த்தாள். நான் "சரி அத்தை" என்றேன்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும், படுக்கையில் கிடந்து அல்லாடாமல் போய்ச் சேர்ந்தார், கொடுத்துவைத்தவர் என்றார்கள். மாடிப்படியில் திருப்ப இடமில்லாமல் நிற்க வைத்த மாதிரியேதான் இறக்க வேண்டியிருந்தது. மூன்றாவது மாடிக்காரர் காலைப் பிடித்துக்கொண்டார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது எங்கள் சண்டைகளுக்கும் கதவைத் திறப்பதில்லை. சண்டையும் இல்லை.

நேற்று அத்தை, "அக்காவ வரச் சொல்லுங்க மாப்ளே. கொழந்த பொறந்தா கைக்கு ஒரு ஆளு வேணும்ல?" என்றார். நடைக் கட்டில் காலியாகத்தான் இருக்கிறது. தடுப்புக் கட்டையை இப்போது அடித்துவிட்டேன். அசையாது. வா அக்கா. வெள்ளிக்கிழமை ரயில் வசதியானது. நான் நிலையத்துக்கு வந்து நிற்கிறேன்.

உன் தம்பி

*

நவம்பர் 11

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கடையிலிருந்து சுற்றி வந்து சேர்ந்தது. நீ நிலையத்தில் காத்திருந்திருக்கமாட்டாய் என்று நம்புகிறேன். அவளுக்கு மாதம் ஏறிக்கொண்டிருக்கும். மாடிப்படி அதிகம் ஏறி இறங்க வேண்டாம் என்று சொல்.

நான் கடையில் இல்லை. இது வேறு இடம். கடைக்காரருக்குத் தெரிந்த குடும்பம். இரண்டாவது மாடி, ஒரு கூடம், ஒரு அறை. புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள், அவனுடைய தாயார். அம்மாள் படுத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. எல்லாம் படுக்கையிலேயே. பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள். எனக்குச் சாப்பாடும் தங்குமிடமும். அறையில் அம்மாளின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துக்கொள்கிறேன். காலை முழுவதும் நீட்டலாம். ஜன்னல் இருக்கிறது.

அவர்கள் நால்வரும் கூடத்தில் படுக்கிறார்கள். பெரிய பெண் பரீட்சைக்குப் படிக்க இடமில்லாமல் குளியலறையில் உட்கார்ந்து படிக்கிறாள். கெட்ட மனிதர்கள் இல்லை. வேலைக்குப் போகும்போது மகன் கதவருகே நின்று, "எப்படி இருக்காங்க?" என்பான். "நல்லா இருக்காங்க தம்பி" என்பேன். "அப்படியா, சந்தோஷம்" என்பான். அப்புறமும் கொஞ்ச நேரம் நிற்பான். அவன் எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்று எனக்குத் தெரியும். நீ எழுதித்தான் தெரியும்.

அம்மாள் இருக்கிறவரைக்கும் எனக்கு இந்த அறை. அதற்கு அப்புறம் அவர்களுக்கு. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இவர்களும் மரியாதையான குடும்பம்தான். நான் வேளை தவறாமல் ஊட்டுகிறேன். முதுகைத் துடைத்துப் புரட்டிப் போடுகிறேன். வந்தபோது இருந்த புண் ஆறிவிட்டது. போன வாரம் மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா தேறிட்டாங்க, இப்படியே இன்னும் பல வருஷம் இருப்பாங்க" என்றார். மருமகள் எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தாள். நன்றி என்று சொல்ல நினைத்தாள் போலிருக்கிறது. வாய் வரவில்லை.

நான் அங்கே வரவில்லை தம்பி. கோபமில்லை. அவர் எனக்காக அளந்து செய்தார். அவர் விழுந்த இடத்தில் என்னால் ஏறிப் படுக்க முடியாது, நீ எவ்வளவு ஆணி அடித்திருந்தாலும். குழந்தைக்குச் சட்டை தைத்து அனுப்புகிறேன். கைத்தையல்தான், கோணலாக இருக்கும்.

இத்துடன் முடிக்கிறேன். அம்மாளுக்கு இருமல் வந்துவிட்டது. கூடத்தில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டார்கள், காதுகொடுத்துக் கேட்கிறார்கள். நான் போய் அவரைத் தூக்கி உட்கார வைக்க வேண்டும்.

உன் அக்கா